இணங்க வைக்கும் நாவு

சென்ற தவக்காலத்தின் வெள்ளிக்கிழமையொன்றில் சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நமது பங்கைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் கையில் இரண்டு தாள்களுடன் பங்கு இல்லத்துக்கு வந்தார். கனடா நாட்டில் குடியேற விண்ணப்பிக்கும் எண்ணம் அவருக்கு. அந்நாட்டு அரசு 2023-ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சு மொழித் தேர்ச்சி உடையோரைத் தனிப் பிரிவாகவும் தெரிவு செய்து அழைத்து வருவதால், மருத்துவமனையின் இரவுப் பணிக்கும் வீட்டுக்கும் இடையே கிடைத்த நேரத்திலெல்லாம் அம்மொழியைக் கற்று, இப்போது தேர்வுக்குப் பணமும் கட்டிவிட்டார். நாம் இறையியல் பயின்ற நாள்களில் நூல்களைப் படித்தறியும் அளவுக்குப் பிரெஞ்சு கற்றோம் என்பதை எவரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். “ஃபாதர், ஒரு கால் மணி நேரம் எனக்கு நண்பராக நடிக்க வேண்டும்” என்றார். இத்தகைய விண்ணப்பம் நம் குருத்துவ வாழ்வில் இதுவே முதன்முறை.

அத்தேர்வின் பெயர் ‘டெஃப் கனடா’. பாரிஸ் நகரத்து வணிக, தொழில் மன்றம் நடத்துவது. அதன் பேச்சுப் பகுதிக்கு 15 நிமிடங்கள். முதல் 5 நிமிடங்களில் விளம்பரம் ஒன்றைக் கொடுத்து, அதைப் பற்றி முன்பின் அறியாத ஒருவரிடம் கேட்பதுபோலக் கேள்வி கேட்கச் சொல்வார்கள். அங்கே ‘வூ’ என்னும் மரியாதைச் சொல், நம் ‘நீங்கள்’. அடுத்த 10 நிமிடங்களுக்கு வேறொரு விளம்பரம். இப்போது தேர்வாளர் நெருங்கிய நண்பராகிவிடுவார். ‘த்யூ’ என்று, அதாவது ‘நீ’ என்று உரிமையோடு அழைத்து, விளம்பரத்தில் உள்ளதை எடுத்துரைத்து, அதில் சேருமாறு அவரை இணங்க வைக்கவேண்டும். அவர் எளிதில் இணங்கமாட்டார். பணமில்லை, நேரமில்லை, வீட்டில் ஒப்பமாட்டார்கள் என்று ஒவ்வொன்றாகத் தடை எழுப்புவார். அத்தடைகளுக்கு எவ்வாறு விடை கூறப்படுகிறது என்பதே அளக்கப்படும். விளம்பரம் கூறுவது நல்லதா, பேசுபவர் அதை மெய்யாகவே நம்புகிறாரா என்பதெல்லாம் எவருடைய கவலையும் அன்று. “நீங்கள் என்று பேசுவது எளிது, ஃபாதர். நீ என்று பேசி ஒருவரை ஒப்ப வைப்பதுதான் வரமாட்டேன் என்கிறது” என்றார்.

அன்றைய தாளில் இருந்தது கிராமத்துப் பண்ணை ஒன்றின் அழைப்பு. விடுமுறையில் வந்து தோட்ட வேலை செய்தால் உணவும் உறைவிடமும் இலவசம். நமக்கு அந்த நண்பர் வேடம் பிடித்துப் போயிற்று என்பதை மறைப்பானேன்? முதலில் பணமில்லை என்றோம். பயணச் செலவு தவிர வேறு செலவே இல்லை என்றார். வேடத்தை மறந்து, ஞாயிறு திருப்பலி உண்டே என்றோம். பண்ணையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உடனே ஒரு கோயிலைக் கட்டி எழுப்பிவிட்டார். கடைசியாக, நமக்கு முழங்கால் வலி என்று உண்மையையே சொன்னோம். “என் மாமாவுக்கும் அப்படித்தான் இருந்தது. போன ஆண்டு அங்குப் போய் வந்தவர் இப்போது கைத்தடியை மூலையில் சாத்திவிட்டார்” என்று சற்றும் தயங்காமல் பிரெஞ்சில் பதிலிறுத்தார். அவருடைய குடும்பத்தின் திருமுழுக்குப் பதிவுகள் நம் அலமாரியில் உள்ளன. அப்படியொரு மாமா இல்லவே இல்லை.

பயிற்சி முடிந்ததும் அவர் எழுந்து போகவில்லை. தாள்களை மடித்தவாறே, “இது பொய் ஆகுமா, ஃபாதர்?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு விடை கூறுவது குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற எவருக்கும் அரிதன்று. தூய அகுஸ்தினார் ஏறத்தாழ 395-ஆம் ஆண்டில் பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதன் தொடக்கத்திலேயே வேடிக்கைப் பேச்சை அவர் ஒதுக்கி வைத்துவிடுகிறார். பேசுபவரின் குரலும் பாங்குமே அது வேடிக்கை என்பதைக் காட்டிவிடுகின்றன. ஏமாற்றும் எண்ணம் அங்கில்லை. தூய தோமா அக்குவினார் இதில் சற்றுக் கண்டிப்பானவர். விளையாட்டுப் பொய்யையும் பொய்யின் கணக்கிலேயே சேர்த்து, அதைச் சிறு குற்றம் என்கிறார். ஆனால் தேர்வு அறையில் அந்தச் சிறு குற்றத்துக்கும் இடமிருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. எதிரே இருப்பவர் நண்பர் அல்லர் என்பதை இருவரும் அறிவர். மாமா கற்பனை என்பதை இருவரும் அறிவர். நாடக மேடையில் யூதாசாக நடிப்பவர் ஆண்டவரைக் காட்டிக் கொடுப்பதில்லை.

தான் ஏற்காத ஒன்றுக்காக வாதிடுவதும் திருச்சபைக்குப் புதிதன்று. புனிதர் பட்டம் வழங்கும் விசாரணையில், அப்பட்டத்துக்கு எதிராகக் கூறத்தக்கவற்றையெல்லாம் தேடி எடுத்துக் கூறவென்றே ஓர் அலுவலரைத் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1587-இல் ஏற்படுத்தினார். மக்கள் அவரைச் ‘சாத்தானின் வழக்கறிஞர்’ என்று அழைத்தார்கள். 1983-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் விசாரணை முறையைத் திருத்தியமைக்கும் வரை அப்பணி பழைய வடிவிலேயே நடந்தது. சாத்தானின் பெயரைச் சுமந்த அந்தக் குரு தம் விசுவாசத்தை இழந்தவர் அல்லர், அதற்காகவே வாதிட்டவர். தோமா அக்குவினாரோ, இறைவன் உண்டா என்னும் வினாவை எடுத்துக்கொண்ட இடத்தில், இறைவன் இல்லை என்று தோன்றுவதாகவே தொடங்குகிறார். உலகில் தீமை இருக்கிறதே, இயற்கையைக் கொண்டே யாவற்றையும் விளக்கிவிடலாமே என்னும் இரு தடைகளை அவர் எடுத்துரைக்கும் வலிமையில் நாத்திகர் பலரும் உரைத்ததில்லை. நம் பட்டிமன்றங்களில் தமக்கு வாய்த்த அணிக்காகத் தொண்டை வறளப் பேசுவோரையும் நாம் பொய்யர் என்பதில்லை.

ஆகவே, “பொய் அன்று, அம்மா, கவலையின்றிப் போய்ப் பேசுங்கள்” என்றோம். மாமாவை மட்டும் அளவோடு பயன்படுத்துமாறும் சொன்னோம்.

அவர் முகம் தெளியவில்லை. அப்போது நமக்கு நினைவுக்கு வந்தது அகுஸ்தினாரின் நூல் அன்று, அவருடைய வாழ்க்கை. அவர் ஆயராகுமுன், ஏன், கிறிஸ்தவராகுமுன், பேச்சுக்கலை ஆசிரியராய் இருந்தவர். 384-இல் மிலான் நகரத்தின் பேச்சுக்கலைப் பேராசிரியராக அமர்ந்தார். பேரரசர் தங்கியிருந்த நகரம் அது. முப்பது வயது இளைஞர் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி. பேரரசரைப் புகழ்ந்து ஒரு சொற்பொழிவு ஆற்றவேண்டிய நாள் நெருங்கியது. தாம் பொய் பல சொல்லப் போவதும், அவை பொய்யென்று அறிந்தவர்களே கைதட்டப் போவதும் அவருக்குத் தெரியும். அக்கவலையோடு தெரு வழியே சென்றபோது, பிச்சைக்காரன் ஒருவன் நன்றாகக் குடித்துவிட்டுச் சிரித்து விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டார். சில காசுகளால் அவன் பெற்றுவிட்ட மகிழ்ச்சியைத் தேடித்தானே நான் இத்தனை வளைந்து செல்லும் வழியில் சுமை சுமந்து திரிகிறேன் என்று உடன்வந்த நண்பர்களிடம் புலம்பினார். பல்லாண்டுகள் கழித்து ‘ஒப்புதல்கள்’ நூலின் ஆறாம் பகுதியில் இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். 386-இல் மனம் மாறியபின், திராட்சை அறுவடை விடுமுறை வரை பொறுத்திருந்து, சொல் விற்கும் வேறொருவரைத் தேடிக்கொள்ளுமாறு நகரத்தாருக்குச் சொல்லியனுப்பிவிட்டு அப்பதவியைத் துறந்தார்.

அந்த மண்டபத்திலும் ஒருவரும் ஏமாறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தேர்வு அறையைப் போலவே பேசுபவரும் கேட்பவரும் உண்மை இன்னதென்று அறிந்தே இருந்தார்கள். எனினும் அகுஸ்தினாரின் நெஞ்சு வெந்தது. தம் நாவு தம்மிடமிருந்து விலகி எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்பதை அவர் உணர்ந்திருக்கவேண்டும். ஒரு முறை நடிப்பதால் அல்ல, அதுவே நாள்தோறும் தொழிலாகிப் பழக்கமாகும்போது.

இதை நாம் சொல்லி முடித்ததும் அப்பெண், “பழக்கமாகிவிட்டது, ஃபாதர். வீட்டிலும் செய்துவிட்டேன்” என்றார்.

அவருடைய தந்தை காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. உடன்பிறந்தோர் இல்லை. தாயார் நமக்கு நன்கு அறிமுகமானவர். நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு வந்து தூண் ஓரமாய் அமர்பவர். மகள் வெளிநாடு செல்வதை அவர் விரும்பவில்லை. சென்ற சில மாதங்களாக மகள் அவரிடம் பேசிப் பேசி இணங்க வைத்திருக்கிறார். எப்படிப் பேசினார் என்பதை அவரே விவரித்தார். பயிற்சி வகுப்பில் கற்றுத் தந்த வரிசை அப்படியே: முதலில் எதிரில் இருப்பவர் கூறுவதை ஒப்புக்கொள், பின்னர் ‘ஆனாலும்’ என்று திருப்பு, பின்னர் ஓர் எடுத்துக்காட்டுச் சொல். தனியாக இருக்கமுடியாது என்றார் தாயார். உண்மைதான் அம்மா, ஆனாலும் பெரியம்மா மகள் வந்து துணையிருப்பாள் என்றார் மகள். என்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றார் தாயார். சரிதான் அம்மா, ஆனாலும் இப்போது தினமும் கைப்பேசியில் முகம் பார்த்தே பேசலாம், மருந்துச் செலவுக்கு மாதந்தோறும் பணம் வரும், பக்கத்துத் தெரு அக்காவின் மகனும் அப்படித்தானே அனுப்புகிறான் என்றார் மகள். இப்படியே ஒவ்வொன்றுக்கும் விடை. ஒரு நாள் இரவு தாயார், “சரிம்மா, உன் விருப்பம்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்று முதல் அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

“நான் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை, ஃபாதர். எல்லாம் உண்மை. ஆனால் அம்மா ஒத்துக்கொண்டார்களா, இல்லை பேச முடியாமல் விட்டுவிட்டார்களா என்பது எனக்குத் தெரியவில்லை.”

நாம் சற்று நேரம் வாய் திறக்கவில்லை. பதில் தெரியாததால் மட்டும் அன்று. அக்கேள்வி நம் கதவையே தட்டியதால்.

குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டில் கிராமப் பங்கொன்றில் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்தோம். கூலி வேலை செய்து பிழைத்த கைம்பெண் ஒருவருக்கு ஒரே மகன். பீடப் பணியில் ஆர்வமுள்ளவன், படிப்பிலும் கெட்டிக்காரன். அவனைச் சிறு குருமடத்துக்கு அனுப்புமாறு கேட்க அவர் குடிசைக்குச் சென்றோம். அவன் கைக்கு வந்தால்தானே சாமி எனக்குச் சோறு என்றார். பறவைகளை ஊட்டுபவர் உம்மைக் கைவிடுவாரா என்றோம். அவன் சின்னப் பிள்ளை சாமி என்றார். சாமுவேலும் சின்னப் பிள்ளைதானே என்றோம். அவன் இல்லாமல் இருக்க மாட்டேன் சாமி என்றார். அன்னா அம்மாள் இருந்தாரே என்றோம். நாம் கூறிய ஒவ்வொரு சொல்லையும் மனமார நம்பியே கூறினோம். விவிலியமும் நம் பக்கம் இருந்தது. இறுதியில் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாமி சொன்னாச் சரிங்க” என்றார். வெற்றியோடு சைக்கிளில் திரும்பினோம். வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தது இன்றும் நினைவிருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் பையன் திரும்பி வந்துவிட்டான். அழைத்தல் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஊர்ப் பள்ளியில் சேர்ந்து ஒட்டமுடியாமல் படிப்பும் நின்றது. அந்தத் தாய் நம்மை ஒரு வார்த்தை குறை கூறியதில்லை. கோயிலில் கண்டால் முன்போலவே கும்பிடுவார். அவர் கேட்ட மூன்று கேள்விகளில் ஒன்றுக்கேனும் நாம் உண்மையாய்ச் செவிசாய்க்கவில்லை என்பதை உணர நமக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையை நாம் குருமடத்திலேயே படித்திருந்தோம். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். உண்மை தன் சொந்த வலிமையாலேயே, மென்மையாகவே, மனத்துள் நுழையவேண்டும் என்று அது தொடக்கத்திலேயே கூறுகிறது. நான்காம் எண்ணில், விசுவாசத்தைப் பரப்பும்போது வற்புறுத்தலின் சாயல் படிந்த எதையும், நேர்மையற்ற முறையில் மனத்தைத் திருப்பும் எதையும் தவிர்க்கவேண்டும் என்று கூறி, ஏழைகளிடமும் கல்வியறிவு இல்லாதவர்களிடமும் பேசும்போது இதில் தனிக் கவனம் வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறது. அது பிற சமயத்தாரிடம் பேசுவதைப் பற்றியது என்றே அன்று விளங்கிக்கொண்டோம். நம் சபையைச் சேர்ந்த, நம் அங்கியைக் கண்டதும் எழுந்து நிற்கும் கூலிக்காரப் பெண்ணையும் பற்றியது என்பது நமக்கு உறைக்கவில்லை.

வள்ளுவர் வாய்மையைத் துறவறவியலில் வைத்தார்; சொல்வன்மையை அமைச்சியலில் வைத்தார். இரண்டுக்கும் இடையே முப்பத்து நான்கு அதிகாரங்கள். பங்குக் குருவின் இருக்கை அவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ போடப்பட்டிருக்கிறது.

அந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நாம் நெடுங்காலம் நம்பிவந்த ஒரு கருத்து ஆட்டம் காண்கிறது. பேசுபவரின் உள்ளம் நேர்மையாய் இருந்தால் பேச்சும் நேர்மையானதே என்று எண்ணியிருந்தோம். தேர்வுப் பயிற்சியில் பண்ணை பொய், கோயில் பொய், மாமா பொய், எவருக்கும் தீங்கில்லை. கைம்பெண்ணின் குடிசையில் சொன்னவை அனைத்தும் நாம் நம்பிய உண்மைகள்; தீங்கு நேர்ந்தது. வேறுபாடு பேசியவரின் நெஞ்சில் இல்லை. கேட்டவரின் நிலையில் இருக்கிறது. தேர்வாளர் மாட்டேன் என்று சொன்னால் அவருக்கு ஓர் இழப்பும் இல்லை. அந்தத் தாயால் சாமியிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாது. எவரால் மறுக்க இயலாதோ அவருடைய ‘சரி’ இணக்கம் ஆகாது. அதைப் பெற்றுக்கொண்டு திரும்பியவர் எதையும் பெறவில்லை.

இங்கே பிரெஞ்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் நமக்கு உதவுகிறார். 1623 முதல் 1662 வரை வாழ்ந்த கணித மேதை, ஆழ்ந்த கத்தோலிக்கர். இணங்க வைக்கும் கலையைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரையில், கருத்துகள் ஆன்மாவுக்குள் நுழைய இரு வாயில்கள் உண்டு என்கிறார்: ஒன்று அறிவு, மற்றொன்று விருப்பம். அறிவின் வழியே வெல்வதை அம்மொழியில் ‘கோன்வேங்க்ர்’ என்பார்கள். நெஞ்சின் வழியே இசைய வைப்பதை ‘பெர்சுவாதே’ என்பார்கள். மனிதர் பெரும்பாலும் இரண்டாம் வாயிலாலேயே நம்புகிறார்கள் என்பதைச் சற்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளும் பாஸ்கல், பிறருக்கு இனிக்கப் பேசும் கலைக்குத் தம்மால் விதி வகுக்க இயலாது என்று ஒதுங்கிக்கொள்கிறார். அவர் இறந்தபின் 1670-இல் வெளிவந்த ‘சிந்தனைகள்’ நூலில் இதைவிட நமக்குப் பயன்படும் குறிப்பொன்று உண்டு. ஒருவருடைய பிழையைக் காட்ட விரும்பினால், அவர் அதை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார் என்பதை முதலில் காணவேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் கூறுவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதை ஒப்புக்கொண்ட பிறகே அவர் காணாத பக்கத்தைக் காட்டவேண்டும் என்பது அதன் கருத்து.

இன்றைய தேர்வுகளில் கற்றுத் தரும் வரிசை ஏறத்தாழ இதன் வழித்தோன்றலே. ‘செர்த்’ என்று தொடங்கு. ‘மே’ என்று திருப்பு. ‘உண்மைதான்’, ‘ஆனாலும்’. பிரெஞ்சுப் பள்ளிகளில் பிள்ளைகள் இளமை முதலே பழகும் முறை இது. அங்கே 2021 முதல் பள்ளியிறுதித் தேர்விலேயே 20 நிமிட வாய்மொழித் தேர்வு ஒன்றும் நடக்கிறது. முறை நல்ல முறை. மறுப்பவரை மடையர் என்று எண்ணாமல் இருக்கக் கற்றுத் தருகிறது. நம் மேடைகளில் இது சற்றுப் பரவினால் நாடு உருப்படும். ஆனால் ‘உண்மைதான்’ என்னும் அச்சொல்லைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரமாவது அதில் நிற்கிறோமா, அல்லது ‘ஆனாலும்’ என்பதற்குத் தாவும் படிக்கல்லாக மட்டும் மிதிக்கிறோமா? தேர்வு அறையில் மிதித்தால் போதும். பாஸ்கல் கேட்டது நிற்பதை. தாயார் கூறியது உண்மை என்று மெய்யாகவே உணர்ந்தால், அதன்பின் ‘ஆனாலும்’ வராமலும் போகலாம். அதற்கு ஆயத்தமாய் இருப்பவருடைய ‘உண்மைதான்’ வேறு, அல்லாதவருடையது வேறு.

இதற்கு மறுப்பு உண்டு. அதுவும் வலிய மறுப்பு. இணங்க வைப்பதே கூடாது என்றால், குடியை விடுமாறு கணவனிடம் மன்றாடும் மனைவி என்ன செய்வது? மருந்து வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நோயாளியிடம் இதே செவிலியர் என்ன செய்வது? கிணற்றங்கரையில் நிற்பவனிடம் போய், உன் சுதந்திரத்தை மதிக்கிறேன் என்று எவரும் சொல்வதில்லை. கையைப் பிடித்து இழுக்கிறோம், பிறகு பேசுகிறோம். உயிர் போகும் இடத்தில் நாம் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பேசாமல் இருப்பதும் பல வேளைகளில் கோழைத்தனமே. சில குருக்கள் மக்களின் உரிமையை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டு எதையும் சொல்லாமலே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். ஆகவே பேசத்தான் வேண்டும். திருத்தூதர் பவுலும் மாந்தரை நம்பச் செய்ய முயல்வதாகவே தம்மைப் பற்றி எழுதுகிறார்.

அந்தப் பவுல் விலங்கோடு அகிரிப்பா அரசர் முன் நின்ற காட்சியைத் திருத்தூதர் பணிகள் 26-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவர் பேச்சு உச்சத்தை எட்டும்போது, சிறிது நேரத்திலேயே என்னைக் கிறிஸ்தவனாக்கப் பார்க்கிறாயோ என்று அரசர் நழுவுகிறார். வாதத்தில் வல்லவரான பவுல் அப்போது புதிய சான்று எதையும் எடுத்து வீசவில்லை. சிறிது நேரமோ நீண்ட நேரமோ, நீரும் இங்கே கேட்போர் அனைவரும் என்னைப்போல் ஆகவேண்டும், இந்த விலங்குகள் மட்டும் வேண்டாம் என்று இறைவனை வேண்டுவதாகச் சொல்லி முடித்துக்கொள்கிறார். அரசர் எழுந்து போய்விடுகிறார்.

ஆண்டவரிடம் ஓடிவந்த செல்வரின் கதை இன்னும் கடுமையானது. இயேசு அவரைக் கூர்ந்து நோக்கி அன்புகூர்ந்தார் என்று மாற்கு மட்டுமே குறித்து வைத்திருக்கிறார். உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வருமாறு அழைத்தார். அந்த மனிதர் முகம் வாடிப் போய்விட்டார். ஆண்டவர் பின்னாலேயே ஓடவில்லை. பாதி விற்றால் போதும் என்று சலுகை தரவில்லை. இன்னொரு உவமை சொல்லவுமில்லை. அன்புகூர்ந்த ஒருவரை அவர் போகவிட்டார். நாம் அந்தக் கைம்பெண்ணின் குடிசை வாசலில் நின்றதைப்போல அங்கே நின்றிருந்தால், ஐந்தாம் உவமையில் அவரை விற்க வைத்திருப்போம்.

அந்த வெள்ளிக்கிழமை இவ்வளவையும் அப்பெண்ணிடம் சொன்னோம் என்று எவரும் எண்ணவேண்டாம். நேரமாகிவிட்டது, அவருக்கு இரவுப் பணி இருந்தது. நமது பழைய கதையை மட்டும் சுருக்கமாய்ச் சொன்னோம். பின்னர், தாயாரிடம் மறுபடி அதே கேள்வியைக் கேட்குமாறும், இம்முறை எதற்கும் விடை சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்குமாறும் சொன்னோம். ‘வேண்டாம்’ என்று தாயார் சொன்னால் என்ன செய்வது என்றார். அதற்கு இடமில்லையென்றால் கேட்கவே வேண்டாம் என்றோம்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். தாயார் முதலில் பழைய தடைகளையே சொன்னாராம். மகள் ஒன்றும் பேசாமல் இருக்கவே, வெகுநேரம் கழித்து வேறொன்றைச் சொல்லியிருக்கிறார். சென்ற ஆண்டு அவர்கள் தெருவில் ஒரு முதியவர் இறந்தபோது, மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை உடலைக் குளிர்ப்பெட்டியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். “என்னையும் அப்படிப் பெட்டியில் போட்டு வைப்பாங்களா? நான் குளிர் தாங்கமாட்டேனே” என்று தாயார் கேட்டாராம். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அத்தனை மாதங்களாய் அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். பெரியம்மா மகளும் மாதாந்திரப் பணமும் இதற்கு விடையாகவில்லை.

“என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டோம்.

“ஒன்றும் சொல்லவில்லை, ஃபாதர். பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.”

மறுநாள் காலையில் தாயார், முன்பு சொன்ன ‘சரி’யைத் தாம் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், யோசித்துச் சொல்வதாகவும் கூறிவிட்டாராம். மகளும் சரி என்று விட்டுவிட்டார். இன்னும் அவர் முடிவு சொல்லவில்லை. தூண் ஓரத்தில் வழக்கம்போல் அமர்ந்திருக்கிறார், நம்மைக் கண்டால் சிரிக்கிறார், எதுவும் கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை.

தேர்வு அடுத்த மாதம். கட்டிய பணம் வீணாகவேண்டாம் என்று மகள் தொடர்ந்து படிக்கிறார். வியாழன் மாலைதோறும் வந்து நம்மைப் பத்து நிமிடம் நண்பராக்கிவிட்டுப் போகிறார். சென்ற வாரம் நாம் மிதிவண்டிச் சுற்றுலாவுக்கு வர மறுத்தோம். அந்த இல்லாத மாமா மறுபடியும் வந்தார். இப்போது அவருக்கு முழங்கால் வலியோடு சர்க்கரை நோயும் சேர்ந்திருக்கிறது.